கிள்ளானுக்கு வந்த பனி

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ பூட்ஸ் காலைத் தரையில் அடித்து உதறினார்கள். டொப், டொப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒரு டொப்.

சாந்தமேரி அடுப்பை அணைத்தாள். மலேசியாவில், இந்தக் கிள்ளானில், யார் வீட்டு வாசலிலும் யாரும் அப்படிக் காலை உதற மாட்டார்கள். சிலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள், அவ்வளவுதான். மழையில் நனைந்து வந்தால்கூட மிதியடியில் தேய்ப்பார்களே தவிர, இரண்டு காலையும் மாற்றி மாற்றி அடிக்கிற பழக்கம் இந்த ஊரில் எவருக்கும் இல்லை. அந்தச் சத்தத்தை அவள் இதற்கு முன் போனில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். கனடாவில் மகன் காலேப் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது, போனைக் காதில் வைத்தபடியே வாசலில் நின்று பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுவான்.

"என்னடா அது, கதவ ஒடைக்கிற மாதிரி?"

"பனிம்மா. உதறலனா உள்ள வந்து தண்ணியா ஓடும்."

காலேப்பைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அவள் மெல்ல முன்கதவைத் திறந்தாள். கிரில் கதவு பூட்டியபடியே இருந்தது. போர்ச்சில் யாரும் இல்லை. சிமெண்டுத் தரை வெயிலில் கொதித்தது, எதிர் வீட்டு ரேடியோவில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், தெருமுனையில் கேஸ் லோரி ஹாரன் அடித்துப் போனது, காரின் கீழே ஒரு பூனை நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. கிரில் கதவுக்கு நேர் கீழே மட்டும் இரண்டு ஈரத் தடங்கள். பெரிய காலின் அளவு. விரல் பக்கம் வீட்டைப் பார்த்து இருந்தது.

கம்பிக்கு இடையே கையை விட்டு அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் எலும்பு வரை ஏறியது. கையை இழுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் வெயில் அதைக் குடித்துவிட்டது.

காலேப்புக்கு அங்கே வானிலை ஆபீஸில் வேலை. பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கிற ஊர். வருஷத்தில் பாதி நாள் பனி. இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவன் அங்கே போய் என்ன செய்யப் போகிறான் என்று ஊரே கேட்டது. அவனுக்கு அது பிடித்திருந்தது, என்ன செய்ய? தினமும் போன் பண்ணும்போது செய்தி வாசிக்கிறவர் குரலில்தான் ஆரம்பிப்பான். "வணக்கம். இது கிள்ளான் வட்டார வானிலை அறிக்கை. சாயந்தரம் நாலு மணிக்கு மழ லா. துணிய எடுத்துருங்கம்மா." அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு இங்கே பெய்யும் மழையைச் சொல்வான். பெரும்பாலும் பலித்துவிடும். பக்கத்து வீட்டுப் புனிதா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அக்கா, ஒங்க மகன் என்னா சொன்னான்? மொளகா காயப் போடலாமா?" என்று கேட்கிற அளவுக்கு அவன் பேர் வாங்கியிருந்தான்.

புயல் வருவதையும் ஒரு வாரம் முன்னாலேயே சொன்னான். குரலில் பயம் இல்லை. பண்டிகைக்குக் காத்திருக்கிறவன் பேச்சு. "பெருசா ஒண்ணு வருதும்மா. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. பனி கொட்டுறப்ப எல்லாரும் பயப்படுவாங்க. நின்னதும் வெளிய வந்துருவாங்க. அதுக்கப்புறம் வர்ற நாலஞ்சு நாள் குளிருதான் ஆளக் கொல்லும். சொல்லிக்கிட்டேதான் இருக்கோம், யாரு கேக்குறா?"

"நீ கேளு. வெளிய போவாத."

"நான் ஏன் போறேன்? ஆபீஸ்லயே படுத்துக்குவேன்."

ஆனால் பனியை அளக்க வேண்டும். ஆபீஸுக்குப் பின்னால் தரையில் வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு பலகை கிடக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது போய் அதில் எவ்வளவு உயரம் பனி சேர்ந்திருக்கிறது என்று அடிக்கோல் வைத்துப் பார்த்து, பலகையைத் துடைத்துவிட்டு வர வேண்டும். கதவிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அங்கே ராத்திரி, இங்கே பட்டப்பகல். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"இருங்கம்மா, போயி அளந்துட்டு வந்துர்றேன். போன வச்சிராதீங்க."

"போயிட்டு வாய்யா."

கதவு திறந்தது, காற்று ஊளையிட்டது, கதவு மூடியது. அவள் போனை வைக்கவில்லை. நெத்திலி முழுவதும் ஆய்ந்து முடித்தாள். கழுவினாள். பிறகு கூப்பிட்டாள். கத்திக் கூப்பிட்டாள். சத்தம் கேட்டுப் புனிதா ஓடி வந்தபோது அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புயல் ஓய்ந்த பிறகுதான் கண்டெடுத்தார்கள். முகத்துக்கு நேரே நீட்டிய கைகூடத் தெரியாத பனியாம். அவன் ஆபீஸின் பின்சுவரிலேயே கிடந்தான், உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி. அந்தப் பக்கம் கதவே கிடையாது. உள்ளே மேசையில் கிடந்த போனில் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மகன் கதவைத் தேடிக்கொண்டிருந்தான்.

சவப்பெட்டி வந்து சேர்ந்து, பூசை முடிந்து, கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்தார்கள். அவள் குனிந்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்ட நாளிலிருந்து அவனை அனுப்பும்போதெல்லாம் வாயில் வருகிறது தானாக வந்தது.

"போயிட்டு வாய்யா."

மண் பிடித்த கைகள் அப்படியே நின்றன. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்கூடப் போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். குழிக்குள் இறங்கியவனை எந்தத் தாயாவது வரச் சொல்வாளா? புனிதா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஈரத் தடங்களைப் பார்த்த மறுநாள், காலேப்பின் துணிப்பெட்டியில் வந்த டீ-சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மத்தியானம் எடுக்கப் போனால் அத்தனையும் கருவாடு மாதிரி விறைத்து நின்றன. நல்ல வெயில். ஒன்றின் கையைத் தொட்டதும் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து அவள் பாதத்தில் விழுந்து தண்ணீரானது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. பின்னால், போர்ச்சில், டொப் டொப்.

அவள் புனிதாவிடம் சொன்னாள். புனிதா சிரிக்கவில்லை.

"வாசல்ல நின்னு, போன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா."

"பெத்த புள்ளய எப்படி போன்னு சொல்றது?"

"நீங்க வரச் சொன்னீங்க, அவன் வர்றான். சொல்லாட்டி வந்துக்கிட்டேதான் இருப்பான். ஒவ்வொரு தடவையும் அந்தக் குளிர்ல நடந்துல்ல வரணும்."

அதுதான் அவளை அறுத்தது. வருவது அவன் என்றால் அவளுக்கு என்ன பயம்? அந்தக் குளிரிலிருந்து வருகிறான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. போகச் சொன்னால் அந்தச் சத்தமும் போய்விடும். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

சுபாங் ஜெயாவிலிருந்து மகள் ஜெரால்டின் போன் பண்ணினாள். "தனியா இருக்காதீங்கம்மா. நாளைக்கு லீவு போட்டுட்டேன். மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன். கிளம்பிட்டு போன் பண்றேன், எடுங்க."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் காலை உதறினார்கள். இந்த முறை குரலும் வந்தது.

"வணக்கம். இது கிள்ளான் வட்டார..."

பல் தந்தியடித்தது. வார்த்தை முடியவில்லை. சாந்தமேரி மரக்கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கதவு குளிர்ந்திருந்தது.

"மூணு மணிக்கு மழம்மா. துணிய எடுத்துருங்க."

உண்மையைச் சொன்னால் அவள் அப்போது பயப்படவே இல்லை. சந்தோஷப்பட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஓடிப்போய்த் துணியை எடுத்தாள். மூன்று மணிக்கு மழை கொட்டியது. மழைக்கு நடுவே, கதவுக்கு மிக அருகில், அவன் மறுபடி பேசினான்.

"நாளைக்கு மத்தியானம் பெருசா ஒண்ணு வருது. வெளிய வந்துராதீங்க. நான் கூப்பிட்டாலும் வராதீங்கம்மா."

ராத்திரி முழுக்க அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகினாள். போ. போய்யா. விடிந்ததும் குளித்து, செபமாலையைக் கழுத்தில் போட்டு, கிரில் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் எதிர் வீட்டு ரேடியோ முதலில் நின்றது. பிறகு காக்காய்கள், பிறகு பெரிய ரோட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிச் சத்தம், கூரையில் சுழன்றுகொண்டிருந்த காற்றாடி எல்லாம் ஒவ்வொன்றாக, யாரோ கம்பளியால் மூடுவது மாதிரி அடங்கின. கதவிடுக்கில் தெரிந்த வெயில் மஞ்சளிலிருந்து வெள்ளையாகியது. தரை குளிர்ந்தது. அவள் விட்ட மூச்சு அவளுக்கே தெரிந்தது.

டொப்.

ஒரு கால் மட்டும். மற்றது இழுபட்டது.

அவள் எழுந்து மரக்கதவைத் திறந்தாள்.

போர்ச் இல்லை. கார் இல்லை. தெரு இல்லை. கிரில் கம்பிகளுக்கு அப்பால் வெள்ளை. அது மட்டும்தான். அந்த வெள்ளையிலிருந்து ஒரு கை நீண்டு கம்பியைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் கறுத்திருந்தன. சவப்பெட்டியில் பார்த்த அதே விரல்கள். முகம் தெரியவில்லை.

"காலேப்." குரல் உடைந்தது. "போய்யா. அம்மா நல்லா இருக்கேன். போ. திரும்பி வராத."

சொல்லிவிட்டாள்.

கை நகரவில்லை. ரொம்ப நேரம். பிறகு, குழந்தையாக இருந்தபோது கேட்கிற மாதிரி,

"எந்தப் பக்கம்மா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியலம்மா. நீங்க கூப்பிடுறது கேக்குது. கதவுதான் கெடைக்கல."

இதைக் கேட்டுக்கொண்டு எந்தத் தாய் பூட்டுக்குப் பின்னால் நிற்பாள்? நேற்று அவன் சொன்னது நினைவிருந்தது. நன்றாகவே இருந்தது. மேசையிலிருந்து எடுத்த சாவி உள்ளங்கையில் ஒட்டித் தோலை உரித்தது. பூட்டு விழுந்தது. கிரில் திறந்தது. அவள் வெறுங்காலோடு இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா. தெருமுனை வரைக்கும் அம்மா வரேன். அப்புறம் நேரா போயிரு. என்ன?"

நான்கைந்து அடி. அவ்வளவுதான் நடந்திருப்பாள். உள்ளே போன் அடித்தது. ஜெரால்டின். அவள் திரும்பினாள்.

வீடு இல்லை.

போன் வலப்பக்கம் அடித்தது. நடந்தாள். இடப்பக்கம் அடித்தது. காலுக்குக் கீழே அடித்தது. நின்றது. நீட்டிய கையில் ஒரு சுவர் தட்டியது. அப்பாடா என்று தடவினாள். சுவர். சுவர். இன்னும் சுவர். கதவு வரவில்லை. மற்றக் கையில் இருந்த பிடி இறுகியது.

"ஏம்மா வந்தீங்க?" காலேப் அழுதான். "நாந்தான் சொன்னேனே."

எவ்வளவு நேரம் தடவினாளோ. விரல்களில் உணர்வு போய்விட்டது. அப்போது சுவருக்குள்ளிருந்து, ரொம்பப் பக்கத்தில், மகள் குரல் கேட்டது.

"அம்மா? கதவ தொறந்து போட்டுட்டு எங்க போனீங்க? அம்மா?"

சாந்தமேரி வாயைத் திறந்தாள். இங்கே. இங்கேதான் இருக்கேன். அந்த வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது.

கிரில் கதவு கிறீச்சிட்டது. சிலிப்பர் சத்தம். ஒரு அடி. இரண்டு அடி. பனியில் அமுங்கியது.

"அம்மா, நீங்கதானா? எந்தப் பக்கம்மா?"

சாந்தமேரி சுவரிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கைத் தோல் சுவரோடு போனது. அந்தக் கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். மகள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். சிலிப்பர் சத்தம் நெருங்கி வந்தது.