தோள் மாற்றும் தசை

காலை ஆறு மணிக்கு நடைத்தொட்டிலுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றியாக வேண்டும். தாமதமானால் அதன் முன்கால்கள் நடுங்கத் தொடங்கிவிடும். அருள்மொழி மூன்று லிட்டர் அளந்து ஊற்றினாள். பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இதயத் தகடு நிதானமாகத் துடித்தது.

மின்கலங்களுக்கான உலோகம் அருகிப்போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. சமவெளியில் மின்தூக்கி, தண்ணீர் இறைப்பான், பேருந்துக் கதவு எல்லாம் வளர்ப்புத் தசையால்தான் இயங்கின. அந்தத் தசைகள் தொட்டியில் கிடந்தபடியே வேலை செய்யும். அவற்றின் உணவு, காற்று, கழிவு எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு நிலையம் கவனித்துக்கொள்ளும். கோம்பைக்காட்டு மலையில் நிலையமும் இல்லை, சாலையும் இல்லை. நோயாளியைச் சுமந்து அடிவார மருத்துவமனைக்கு ஒன்பது கிலோமீட்டர் இறங்கும் நடைத்தொட்டில் என்ற பொறி, தன் நிலையத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

அதைக் கட்டும்போதுதான் அருள்மொழிக்கு உடம்பின் மேல் மரியாதை வந்தது. முதலில் தசையை மட்டும் வளர்த்தாள். நோயாளிகளைக் கம்பில் கட்டிய தூளியில் சுமக்கும் ஊரின் பன்னிரண்டு டோலிக்காரர்களில் மூத்தவரான சடையனின் தொடையிலிருந்து மிளகளவு எடுத்து வளர்த்தது. தடித்ததும் அதன் நடுப்பகுதி செத்துப்போனது. அங்கே காற்று எட்டவில்லை. சடையனின் எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தம் வளர்த்தாள், அது ஓடக் குழாய்கள் அமைத்தாள். ஓட்டுவதற்கு இதயத் திசு தேவைப்பட்டது. காற்றை வாங்க, விரித்தால் ஒரு வகுப்பறையை நிறைக்கும் சவ்வை மடித்து ஒரு வாளிக்குள் அடக்கினாள். இழுத்த வேகத்தில் தசை எஃகிலிருந்து பிய்ந்துகொண்டு வந்ததால் எலும்பும் தசைநாணும் வந்தன. தின்ற ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே போனதால் வியர்க்கும் தோல் வந்தது. ஒரு தசை மடக்கும்போது எதிர்த்தசை விட்டுக்கொடுக்க வேண்டும், அதைச் சொல்ல நரம்பு. கடைசியில் தூக்கும் தசை நாற்பது கிலோ, அதைப் பார்த்துக்கொள்பவை நூற்றிருபது கிலோ. எடையைக் குறைக்க இரத்தத்தை மட்டும் நான்கு லிட்டரோடு நிறுத்திக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாமே, பாப்பா," என்றார் பெரியாண்டி. அவரும் டோலிக்காரர்.

"மாடு நம்ம பாறையில இறங்குமாடா? அதுவுமில்லாம இது என் தொடை. பார்த்துப் பேசு," என்றார் சடையன்.

ஆனால் சடையனின் தொடை இரண்டு ஒத்திகைகளிலும் ஆறாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டது. தசைக்கு வேண்டிய சர்க்கரை இருந்தது, காற்று இருந்தது, கால்கள் மட்டும் நகரவில்லை. மூன்றாவது முறையும் நின்றால் பொறியைச் சமவெளிக்கே எடுத்துப் போய்விடுவதாக மாவட்ட அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது முறை நின்றபோது, பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் சிரித்துவிட்டு, நோயாளிக்குப் பதிலாக ஏற்றியிருந்த மணல் மூட்டையை டோலியில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அருள்மொழி பின்னால் நடந்தாள். நான்கு பேர் சுமந்தார்கள், எட்டுப் பேர் கைவீசி நடந்தார்கள். யாரோ "மாத்து" என்றதும் ஒரு தோள் விலகி இன்னொன்று நுழைந்தது. நடை நிற்கவில்லை, மூட்டை அசையவில்லை. எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரியும் எனச் சடையனிடம் தயங்கிக் கேட்டாள்.

"வலிக்கறதுக்கு முன்னாடியே மாத்திடணும், பாப்பா. வலிச்சப்புறம் மாத்துனா அந்தத் தோள் அன்னைக்கு உதவாது."

கல்லூரித் தேர்வில் அவள் எழுதிய விடைதான் அது. ஒரு தசையில் எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. சில இழுக்கும், சில ஓய்ந்திருக்கும், முறை மாற்றிக்கொள்ளும். அவளுடைய நரம்புப் பலகையோ எல்லா இழைகளையும் ஒரே நொடியில் ஏவியது. பன்னிரண்டு பேரையும் ஒரே கம்புக்கடியில் நிறுத்தியதுபோல.

கட்டளைகளை மாற்றி எழுதினாள். மூன்றாவது ஒத்திகையில் நடைத்தொட்டில் எங்கும் நிற்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை வாசலை அடைந்தது. அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள். டோலிக் கம்புகளில் பீர்க்கங்கொடி ஏறியது. டோலிக்காரர்கள் மிளகுத் தோட்டத்துக்கும் பலா மரத்துக்கும் திரும்பினார்கள். அடுத்த மாதம் ஐந்து நோயாளிகள் துணைக்கு ஆளின்றியே இறங்கிவந்து குணமாகித் திரும்பினார்கள்.

ஆறாவதாக வந்தவர் சடையன். பலா மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்திருந்தது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செய்தி கேட்டு மருத்துவமனை வாசலில் காத்திருந்த அருள்மொழியிடம், "நல்லா நடக்குது என் காலு," என்றார்.

செவிலியர் ஸ்டெல்லா படிவத்தோடு வந்தார். "கூட யாரு வந்திருக்கீங்க?"

யாரும் வரவில்லை. மூன்று பை இரத்தம் உடனே வேண்டும் என்றார் மருத்துவர். சடையனின் வகை இருப்பில் இல்லை. அருள்மொழியின் இரத்தம் சேரவில்லை. டோலி வந்த நாட்களில் பாதிப் பேர் இரத்தம் கொடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், ஒருவர் மருந்துக்கு ஓடுவார், இன்னொருவர் ஸ்டெல்லாவிடம் திட்டு வாங்குவார். அருள்மொழி எடை போட்ட கணக்கில் அவர்கள் தூக்கும் தசையாக மட்டுமே இருந்தார்கள்.

"பன்னெண்டு பேரு தூக்கறதுக்கு மட்டுமா வந்தோம்," என்றார் சடையன். கண்கள் மூடியிருந்தன.

வாசலில் நடைத்தொட்டில் வியர்த்துக்கொண்டு நின்றது. அருள்மொழி அதைப் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் போய், அதற்குள் ஓடுவது யாருடைய இரத்தம் என்று சொன்னாள். அவர் இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். சேர்ந்தது.

முதல் பை நிறையும்போது இதயத் தகடு வேகமெடுத்தது. இரண்டாவதில் கால்கள் நடுங்கின. மூன்றாவது நிறைந்ததும் நடைத்தொட்டில் மெல்லப் பின்னங்கால்களை மடித்து உட்கார்ந்துவிட்டது.

"துணைக்கு வந்தவர் பேரு நடைத்தொட்டில்னே எழுதிக்கறேன். உறவு?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"அவரேதான், சிஸ்டர்," என்றாள் அருள்மொழி.

ஸ்டெல்லா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

புது இரத்தம் ஊற மூன்று வாரம் ஆகும். அதுவரை அது மலையேறாது. அருள்மொழி ஊருக்குத் தொலைபேசியில் சொன்னாள். பிற்பகலில் பதினொரு பேரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். பீர்க்கங்கொடியைப் பிய்த்தெறிந்த கம்புகளும் இரண்டு தூக்குவாளிக் கூழும் கொண்டுவந்திருந்தார்கள். பெரியாண்டி ஒரு வாளியை நடைத்தொட்டிலுக்கு ஊற்றி, அதன் தொடையைத் தடவிக்கொடுத்தார்.

"இத்தனை பேரா? ஒருத்தர்தான் உள்ள போகலாம்," என்றார் ஸ்டெல்லா.

"பரவால்லம்மா. மாத்தி மாத்திப் போறோம்," என்றார் பெரியாண்டி.

சடையன் கண் திறந்துவிட்டார் என்று முதலில் போனவர் வந்து சொன்ன பிறகு, பெரியாண்டி நடைத்தொட்டிலைச் சுற்றி வந்தார்.

"எத்தனை கிலோ, பாப்பா?"

"நூத்தியறுபது."

அவர் கம்பின் நுனியில் ஒட்டியிருந்த இலையை உரித்துப் போட்டார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, முதலில் தோள் கொடுப்பது எந்த நாலு பேர் என்று கேட்டார்.