பச்சைத்தோல் வாடை

கஞ்சித் தூக்கை ஜன்னல் திட்டில் வைத்த ஹலீமா பீ, முகக்கவசத்தின் மேலேயே புடவைத் தலைப்பையும் சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இன்னா வாடைடி ஜெபா! தோல் டேனரியெல்லாம் மூடிப் பத்து நாளாச்சு. நேத்துலேர்ந்து பார்த்தா குடலைப் புரட்டுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலைக்கா" என்றாள் உள்ளேயிருந்து ஜெபகனி. "கொரோனா வந்ததுலேர்ந்து மூக்கு செத்துப்போச்சு."

"குடோன்ல பச்சைத்தோல் தேங்கிக் கெடக்கும். உப்பைக் கம்மியா போட்டுட்டு ஓடிட்டானுங்க, பேமானிங்க. புள்ள இன்னா பண்றான்?"

"தூங்கறான்க்கா. அழுகையே இல்ல."

"சமத்து! அல்லா காப்பாத்துவான். கஞ்சியைக் குடி, ஜாஸ்தி பேசாத." வந்த வேகத்தில் அடுத்திருந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். உள்ளே வர அவளுக்கும் பயம், யாரைக் குறை சொல்ல?

ஆம்பூரில் பிறந்தவர்கள் தோல் வாடைக்கு மூக்கைப் பொத்துவதில்லை. அந்த ஹலீமாக்காவே பொத்துகிறாள் என்பது ஜெபகனிக்கு என்னவோ போலிருந்தது. தூக்கைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. வெறும் ஆவி.

எல்லாம் அந்த இருமலில் தொடங்கியது. அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிற எல்லோருக்கும் கோந்து நெடியால் இருமல் உண்டு. அதுதான் என்று ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டாள், பாவி. எட்டாம் மாதத்தில் காய்ச்சல் முற்றி, வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. கணவன் ஜெஸ்டன் வேலூரில் ஆக்சிஜன் படுக்கையில் கிடந்தான். அணைக்கட்டு ஊரிலிருந்து அம்மா வர, ஊரடங்கில் பஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் ஆறாம் நாளே அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பும்போது நர்ஸ் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "குறைமாசப் புள்ளம்மா. மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இரு. நின்னு நின்னு வந்தா உடனே தூக்கிட்டு ஓடியா."

அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வேறு எதுவும் செய்யவில்லை. காய்ச்சல் நூற்று மூன்றுக்கு ஏறி, சுவர்கள் கிட்டே வந்து விலகிப் போனபோதும், பகலா இரவா என்று குழம்பியபோதும், துணியில் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்து அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். கர்... கர்... என்று மெல்லிய, விடாத சத்தம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆண்டவரே, ஸ்தோத்திரம்!

கடைசியாக எப்போது பால் கொடுத்தாள்? நேற்றுக் காலையா? அதற்கு முந்தின நாளா? மார்பு கல்லாய்க் கட்டி வலித்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை. அவன் உடம்பு சூடாகத்தான் இருந்தது. அவள் தொடுகிற எல்லாமே இரண்டு நாளாகச் சூடாகத்தான் இருந்தது.

வெயில் சாய்ந்து அறைக்குள் செம்மஞ்சளாக நீண்டது. மின்சாரம் போய் மின்விசிறி ஓய்ந்தது. இப்போது அந்தச் சத்தம் மட்டும். கர்... கர்...

தொண்டை காய்ந்திருந்தது. ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கினாள்.

விழுங்கியபோது சத்தம் நின்றது.

திரும்ப வந்தது.

என்ன இது? இன்னொரு வாய். நின்றது. வந்தது.

வேண்டாம் என்று மனம் கதறியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

அமைதி.

ஐந்து எண்ணினாள். பத்து. பதினைந்து. வீட்டில் ஒரு சத்தமில்லை. நெஞ்சு வெடிக்கும்போல் ஆகி வாயைத் திறந்தாள். கர்... அவளுடைய நெஞ்சு. அவளுடைய சளி. இத்தனை நேரமும் தன் மூச்சையே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டேய் தங்கம்... எழுந்துக்கடா. அம்மாடா."

துணியை விலக்கவில்லை. விலக்கினால்தானே தெரியும். கை மட்டும் உள்ளே போனது. விரலில் சுருக்கென்று ஒரு கடி. குனிந்து பார்த்தாள். கட்டில் காலிலிருந்து மெத்தை மேல் ஏறி, துணி மடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது ஒரு செவ்வெறும்புக் கோடு. போனவை திரும்பியும் வந்துகொண்டிருந்தன.

"பசிக்குதா? பசிதான். ஒண்ணுமில்ல. இதோ தர்றேன்."

ரவிக்கையை அவிழ்த்து, துணியை விலக்கிப் பிள்ளையை மடியில் கிடத்தினாள். கட்டியிருந்த பால் தானாகப் பீறிட்டது. திறந்திருந்த சின்ன வாயில் நிறைந்து, அசையாமல் நின்று, கருத்த உதட்டோரமாக வழிந்தது. கண்ணோரத்தில் இருந்த எறும்புகள் பாலின் பக்கம் திரும்பின.