நிறுத்தச் சொன்னவள்

ராய்ஸ் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய பரிட்டோ ரொட்டி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ராணுவ அறிவிப்பைப் பார்த்தான். மாலை வரை ஜிபிஎஸ் முடக்கும் சோதனை. நியூ மெக்சிகோவில், ஏவுகணைத் திடலுக்குப் பக்கத்தில் சின்ன விமான தளம் நடத்துகிற எனக்கு இது பழகிப்போன தொல்லை. அந்த நேரத்தில் விமானத் திரையில் வரைபடம் மறைந்துவிடும். மற்றவர்கள் விமானத்தைக் கொட்டகையில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ராய்ஸ் அன்றைக்குத்தான் பறப்பான்.

"வேண்டாம்டா. மேற்கே புழுதி கிளம்புது பாரு," என்றேன்.

"அவ இந்த மாதிரி நாள்லதான் பேசுவா, வெர்னா."

அவள் என்றால் நெல்டா, அவன் மனைவி. போன வசந்தத்தில் இப்படியொரு சோதனை நாளில், புழுதிக்குள் வழி தெரியாமல் விமானத்தோடு டோரோ மலையில் மோதிச் செத்தாள். பிழைத்திருக்கலாம். ஆபத்தென்றால் ரேடியோவில் "ஸ்டாப் பஸர்" என்று சொன்னால் போதும், ராணுவம் சோதனையை நிறுத்திவிடும். இங்கே பறக்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அப்படிக் கேட்பவர்களை ராய்ஸ் இதே அறையில் காபி குடித்தபடி கிண்டலடிப்பான். "ஜன்னல் வழியா பார்த்து ஓட்டத் தெரியாதவன் பஸ்ல போகலாமே." நெல்டாவும் சேர்ந்து சிரிப்பாள். கடைசிவரை அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவள் வாயை அடைத்தது எது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் மேலே போன கொஞ்ச நேரத்தில் புழுதி மலையை விழுங்கியது. வெளிச்சம் துருப்பிடித்த நிறமானது. கதவிடுக்கில் காய்ந்த மண்வாசனை உள்ளே வந்தது. ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

"நெல்டா, கேக்குதா?" ராய்ஸின் குரல்.

பாவம், மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பதில் வந்தது.

"ராய்ஸ்... ஒரே மண்ணா இருக்கு. எதுவும் தெரியல. நீ எங்க இருக்க?"

'ராய்ஸ்' என்பதை இழுத்துச் சொல்கிற அந்த டெக்சஸ் பேச்சு. அவளேதான்.

ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

"உன்கிட்டதான் வந்துட்டிருக்கேன், கண்ணு."

அவன் மலைப்பக்கம் திரும்பிவிட்டான் என்று புரிந்தது. மைக்கை எடுத்தேன். "ராய்ஸ், நேரா மலைக்குப் போற. நிறுத்தச் சொல்லு அவங்கள."

"நிறுத்தினா அவ குரல் போயிடும்."

"நீ செத்துடுவ."

"தெரியும், வெர்னா."

நானே ராணுவத்துக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"ராய்ஸ்," என்றாள் நெல்டா மெதுவாக. "இங்க வராத."

"வந்தே தீருவேன்."

"அப்ப நான் ஒண்ணு சொல்றேன். நீ சிரிக்கக் கூடாது."

ஒரு நொடி இரைச்சல்.

"ஸ்டாப் பஸர்."

ரேடியோ சட்டென்று தெளிந்தது. ராய்ஸ் விக்கி விக்கி அழுவது கேட்டது. "நெல்டா. நெல்டா." பதில் இல்லை. அவன் திரையில் வரைபடம் திரும்பியிருக்க வேண்டும். மூக்குக்கு நேராக மலை தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து இறங்கினான். என்ஜினை அணைத்தும் வெளியே வராமல், தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது. ராணுவச் சோதனை அறையிலிருந்து டெல்காடோ என்பவர்.

"மேடம், நிறுத்தச் சொன்ன அம்மா பத்திரமா இருக்காங்களா?"

"எந்த அம்மா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"ரேடார்ல ரெண்டு விமானம் இருந்துச்சே. ஒண்ணு உங்ககிட்ட இறங்கிடுச்சு. இன்னொண்ணுல அந்தம்மா. அது பின்னாடியே வந்து ஓடுபாதை வரைக்கும் விட்டுட்டு, தான் இறங்காம மறுபடி மலைக்கே போறாங்க. இறங்கச் சொல்லுங்க மேடம். பெட்ரோல் தீர்ந்துடப் போகுது."

ஜன்னலில் பார்த்தேன். ஒரே ஒரு விமானம். மற்றபடி புழுதிதான்.

மைக்கை அழுத்தினேன். "நெல்டா, ஓடுபாதை காலியா இருக்கு. இறங்கிடும்மா."

கேட்டுக்கொண்டேன் என்பதற்கு எங்கள் பைலட்கள் பேசாமல் மைக் பொத்தானை இரண்டு முறை தட்டுவார்கள்.

டிக். டிக்.

திரும்பினால், வாசலில் ராய்ஸ். அவனும் கேட்டுவிட்டான். நேராகப் போய் ஓடுபாதை விளக்குகளைப் போட்டான்.

இப்போது அவன் பறப்பதில்லை. சோதனை நாளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இறங்கச் சொல்லி அவளைக் கெஞ்சுகிறான். ஒவ்வொரு முறையும் அவள் சரியென்றுதான் தட்டுகிறாள்.

இன்னும் இறங்கவில்லை.