குரங்கு கொண்டுபோன மருந்துப் பை

மதியம் மூன்று மணிக்கு ரூபியின் மருந்துப் பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியது.

நீலிப்பாறை அணைக் காட்டில் கூடாரம் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ரூபியும் உலகுவும் தென்காசியில் ஒரே கல்லூரியில் படிப்பவர்கள். நீர்நாய் பார்ப்பதற்காகவே இரண்டு நாள் தங்க வந்திருந்தார்கள். அந்தச் சிவப்புப் பைக்குள் ரூபியின் இன்சுலின் பேனாக்கள் இரண்டும், சர்க்கரை பார்க்கும் கருவியும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட ஒரு கைப்பிடி ஆரஞ்சு மிட்டாயும் இருந்தன. குரங்குக்கு வேண்டியது மிட்டாய்தான்.

பன்னிரண்டு வயதிலிருந்து ரூபி ஊசி போட்டுத்தான் சாப்பிடுகிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பேனா கைக்கு வந்தாக வேண்டும். உடன் இருந்த வனக்காவலர் செல்லத்துரை, ஜீப்பை வரவழைத்து அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார். உலகுவும் அதையே சொன்னாள். இந்தப் பயணத்துக்காக ரூபி அம்மாவிடம் எட்டு மாதம் கெஞ்சியிருந்தாள். பாதியில் திரும்பினால் இனி எங்கேயும் அனுப்பமாட்டாள்.

“ஜீப்பை வரச் சொல்லுங்க அண்ணாச்சி. அது வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும்லா? அதுவரைக்கும் தேடுவோம். கிடைக்கலைன்னா மறுபேச்சு பேசாம ஏறிக்கிடுதேன்.”

செல்லத்துரை யோசித்தார். வயர்லெஸ்ஸில் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஓடைக்கரையில் முதல் மிட்டாய்த் தாள் கிடந்தது. இருபது அடி தள்ளி இன்னொன்று. மூங்கில் புதருக்குள் குனிந்து, வழுக்குப் பாறையில் கைகோத்து ஏறி, மூவரும் தாள் தாளாகப் பின்தொடர்ந்தார்கள். அணைத் தண்ணீர் உள்ளே புகுந்து கிடந்த ஒரு வளைவில் தடம் நின்றுபோனது. அக்கரையில் பெரிய அத்திமரம், கிளையெல்லாம் குரங்கு. கூட்டம் வளைவைச் சுற்றிப் போயிருக்கிறது. சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் செல்லத்துரை.

அப்போதுதான் மீன் வலையோடு பரிசலில் வந்தாள், அணையில் மீன் பிடிக்கும் குருவம்மாள். விஷயத்தைக் கேட்டதும் கூடையை நகர்த்தி இடம் பண்ணினாள். இருவரை மட்டும்தான் ஏற்றுவேன், கூட ஒருவர் ஏறினால் கவிழும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். செல்லத்துரை கரையிலேயே நின்றுகொண்டார். குரங்கை முறைக்கக்கூடாது, கல்லெறியக்கூடாது, தின்னவும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்.

நடுத்தண்ணீரில் குருவம்மாள் சட்டென்று துடுப்பை நிறுத்தினாள். பத்தடி தூரத்தில் ஐந்து தலைகள் எழும்பின. மீசையும் பளபளக்கும் கண்களுமாக நீர்நாய்கள்! ஒன்று மீனைக் கடித்தபடியே அவர்களை வேடிக்கை பார்த்தது. உலகு கேமராவைத் தொடக்கூட மறந்துபோனாள். ரூபி தன்னை அறியாமல் சிரித்தாள்.

அத்திமரத்தில் கிழட்டு ஆண் குரங்கு ஒன்று பையை மடியில் வைத்துத் துழாவிக்கொண்டிருந்தது. தோழிகள் மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. அரை மணி நேரம் கழித்துக் கடைசி மிட்டாயும் தீர்ந்தது. குரங்கு பையை வீசிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

பை தரைக்கு வரவில்லை. தண்ணீருக்கு மேலே நீண்டிருந்த கிளையில் வாரோடு மாட்டிக்கொண்டது.

ரூபி செருப்பைக் கழற்றினாள். தான் ஏறுவதாகச் சொல்லி உலகு அவள் கையைப் பிடித்தாள். இந்த உடம்போடு அவள் ஏற வேண்டாம் என்றாள்.

“ஏட்டி, உனக்கு மரம் ஏறத் தெரியாது. எனக்கு ரத்தத்துலதான் சர்க்கரை, கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

கிளையைக் கட்டிப்பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். கிளை தாழ்ந்தது. விரல் நுனி வாரைத் தொட்டதும் பை நழுவியது! கீழே பரிசலில் காத்திருந்த குருவம்மாள் இரண்டு கையாலும் வலையை விரித்தாள். பை அதற்குள் விழுந்தது.

ஒரு பேனாவைக் குரங்கு கடித்து நொறுக்கியிருந்தது. இன்னொன்றில் கீறல்கூட இல்லை. மருந்து தெளிவாக இருந்தது. கருவியும் வேலை செய்தது. ரூபி அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. குருவம்மாளைக் கட்டிக்கொண்டதில் மீன் செதில் ரூபியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

கூடாரத்துக்குத் திரும்பியபோது ஜீப் வந்து நின்றது. டிரைவர் முழுக்கதையும் கேட்டு, டீ குடித்துவிட்டுக் காலி வண்டியோடு கிளம்பினார். ரூபி ஊசி போட்டுக்கொண்டு சுடுசோறும் மீன் குழம்பும் சாப்பிட்டாள்.

பிறகு சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி அம்மாவை அழைத்தாள். மறைத்துவிடலாம் என்று உலகு சொல்லிப் பார்த்தாள், ரூபிக்கு மனம் வரவில்லை. குரங்கு, பரிசல், மரம் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.



“ரெண்டு பேனாவையும் ஒரே பையில வைப்பாளாட்டி ஒருத்தி?” என்றாள் அம்மா. “அடுத்த தடவை போகும்போது ஒண்ணை உலகுகிட்ட குடுத்து வை.”