ஒற்றைக் கைக்கு ஒரு கேமரா

ஜூன் 15, சனிக்கிழமை.

போன சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. 'கேமரா கடைக்குப் போனேன். லென்ஸ்கள் பார்த்தேன். மழை. திரும்பினேன்' என்று எழுதியிருக்கிறேன். பார்த்தது சரி, மழை சரி, திரும்பியதும் சரி. நடுவில் நடந்ததை விட்டுவிட்டேன். நாங்கள் இரத்தம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட வேண்டும். கோடு போட்டாயிற்று. சரியானதை எழுத உட்கார்ந்தால், 'நான்' என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகர மறுக்கிறது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அன்று அவள் கடையின் கண்ணாடி மேசைக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். பழைய லென்ஸ்கள் உள் அலமாரியில் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்று கடைக்காரர்தான் மேசை ஓரத்துத் தடுப்புப் பலகையைத் தூக்கி உள்ளே விட்டார். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். நீலக் கோட்டைக் கழற்றவில்லை. கடையின் ஆட்கள் போடுவதும் நீலக் கோட்டுதான்.

கதவு திறந்தது. முதலில் மழையின் இரைச்சல் உள்ளே வந்தது. அதன் பின்னால் அவன்...

நெற்றியில் ஒட்டிய முடி. இமை மயிரில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு துளிகள். அவன் கண் சிமிட்டியதும் அவை விழுந்தன. அந்தக் கண்கள் கடை முழுவதையும் ஒருமுறை சுற்றிவிட்டு, வேறு எங்கும் போக மனமில்லாததுபோல அவள்மேல் வந்து நின்றன.

"மேடம், ஒரு உதவி. சும்மா ஆசைக்குப் படம் எடுக்கறவனுக்கு எந்த கேமரா நல்லா இருக்கும்?"

நான் இங்கே வேலை பார்ப்பவள் இல்லை என்று சொல்ல மூன்று விநாடி போதும். அவள் வாயைக்கூடத் திறந்தாள். ஆனால், உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளை யாரும் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! படம் எடுக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. குறிப்பேட்டில் பதினெட்டுப் பக்கம். அந்தப் பதினெட்டுப் பக்கமும் ஒரே மூச்சில் வெளியே வந்து விழுந்தன.

"வாங்கறதுன்னா பெரிய சென்சார் இருக்கறதா வாங்குங்க. கூடவே ஒரு நீள ஜூம் லென்ஸ். தூரத்துல இருக்கறத அப்படியே கிட்ட கொண்டு வந்துரும். கை ஆடாம இருக்க ஸ்டாண்ட்... தனி ஃப்ளாஷ்..."

"இவ்வளவும் வேணுமா?"

"ஒரு தடவ வாங்கினா ஒழுங்கா வாங்கணும் இல்லையா?"

அவன் கேமராவைத் தூக்கிப் பார்த்தான். மணிக்கட்டு சற்றே இறங்கியது. "இதத் தூக்கிட்டு வர தனியா ஒரு ஆள் போடணும் போலிருக்கே!"

"பழகிரும்."

"நீங்க எது வெச்சிருக்கீங்க?"

"இதேதான்," என்றாள் அவள்.

அவளிடம் இருப்பது அக்கா கொடுத்த, மூலை உடைந்த சின்னக் கேமரா.

"அப்போ சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அவன் சிரித்தான். சிரித்தபோது இடக் கன்னத்தில் மட்டும் ஒரு குழி... கடைக்காரர் வாயெல்லாம் பல்லாகப் பெட்டிகளை எடுத்து அடுக்கினார். ஏழு நாளைக்குள் திருப்பித் தரலாம், கீறல் இருக்கக் கூடாது என்று சீட்டில் முத்திரை குத்தினார். அவள் மழைக்குள் இறங்கி நடந்தாள். குடை கையில் இருந்தும் விரிக்கவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இரண்டாம் வரிசை ஓரத்தில் அந்தப் பெரிய பை இருந்தது. பைக்குப் பின்னால் அந்தக் கன்னக்குழி.

"மேடம்! நீங்க இங்கயா? பாடம் எடுக்கறீங்களா?"

"இல்ல... நானும் படிக்கத்தான் வரேன்."

"கடையில வேலையும் பாத்துக்கிட்டு, சாயங்காலம் படிக்கவும் செய்றீங்களா? பலே கெட்டிக்காரிதான் நீங்க!"

இரண்டாவது வாய்ப்பு. அவள் செய்தது, "ம்" என்றது மட்டும்தான்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அவன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். தெருவிளக்குப் பழுது பார்ப்பவன். வண்டியில் பொருத்திய தூக்குக் கூடையில் ஏறி, கம்பத்தின் உச்சிவரை போவான்.

"மேல இருந்து பாத்தா ஊரே வேற மாதிரி இருக்கும்ங்க. ஆளுக்கு முகமே கிடையாது, வெறும் தலையும் தோளும்தான். சண்டை போட்டுட்டுப் போறவங்களக்கூட நடையிலயே கண்டுபிடிச்சிரலாம். விளக்கு மூடிக்குள்ள குருவி குடும்பம் நடத்தும். அதையெல்லாம் எடுத்து வீட்ல காட்டணும்னு ஒரு ஆசை. வேற ஒண்ணும் பெருசா இல்ல."

"எடுத்தீங்களா?"

"எங்க எடுக்கறது! கூடையில நிக்கறப்போ ஒரு கை எப்பவும் கூடையோட கைப்பிடிக் கம்பியப் பிடிச்சிருக்கணும். அதுதான் சட்டம். இந்தக் கேமராவுக்கு ரெண்டு கை வேணும். நேத்து ஒத்தக் கையில தூக்கினேன், போய்க் கம்பியில இடிச்சிருச்சு. சூப்பர்வைசர் கீழ இருந்து போட்ட சத்தத்துல குருவியே பறந்துருச்சு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. "கேமரா நல்ல கேமராதாங்க. நீங்களே வெச்சிருக்கீங்க. என் கைதான் லாயக்கில்ல போல. இந்த வாரம் பாக்கறேன். வரலைன்னா விட்டுரலாம்னு இருக்கேன். எனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை..."

அவள் படியில் நின்றுவிட்டாள். அவன் பேசிக்கொண்டே இறங்கிப் போனான்.

ஒரு துளி இரத்தம் எடுப்பதற்கு முன் அவள் ஒவ்வொருவரிடமும் பெயரை இரண்டு தடவை கேட்பாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, எந்தக் கையில் எடுக்கட்டும் என்று கேட்பாள். எந்தக் கை! இவனிடம் அவள் எதையும் கேட்கவில்லை. எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றுகூட... இப்போது அவன் தன் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை வகுப்பில் அவன் இருக்கை காலியாக இருந்தது.

"யாருடி அது?" என்று கேட்டாள் அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"யாரும் இல்லக்கா."

"யாரும் இல்லாமலா என் டீயில ரெண்டு தடவ சர்க்கரை போட்ட? குடிச்சுப் பாரு, பல்லு ஒட்டிக்குது."

சொல்லிவிட்டாள். அக்கா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நாளைக்குத்தானே ஏழாவது நாள்? போய்ச் சொல்லிரு."

"சொன்னா என்னைப் பத்தி என்னக்கா நெனப்பார்?"

"இப்ப மட்டும் உன்னைப் பத்தியா நெனக்கறார்? கடையில நிக்கற எவளோ ஒருத்தியப் பத்தி நெனச்சிக்கிட்டு இருக்கார். அப்படி ஒருத்தி உலகத்துலயே இல்லையேடி."

இன்று மதியம் ஆய்வகம் மூடியதும் அவள் தெருவிளக்குப் புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். அவனைப் பிடிக்க வேறு வழி தெரியவில்லை.

"கம்பம் எண் சொல்லுங்க," என்றது ஒரு சலித்த குரல்.

"விளக்கு நல்லா எரியுது சார்."

"அதச் சொல்லவா போன் பண்ணீங்க?"

"விளக்கு போடறவர்... இடக் கன்னத்துல குழி விழும்..."

"அதுக்கெல்லாம் எங்ககிட்ட புகார் ஃபாரம் கிடையாதுமா," என்றது குரல். பிறகு சற்றே கனிந்தது. "பெரிய சந்தைச் சாலை முனையில இருக்காங்க. சீக்கிரம் போங்க."

தூறிக்கொண்டிருந்தது. மஞ்சள் வண்டி, வானத்தில் ஒரு கூடை, கூடைக்குள் அவன். ஓட்டுநர் கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவரக் கொஞ்சம் இறக்க முடியுமா?"

"பல்ப மாட்டிட்டுத்தான் இறங்குவான். அவசரம்னா கத்துமா."

கடை எட்டு மணிவரைதான். இன்று விட்டால் நாளை இல்லை. அதைவிட, இன்று விட்டால் அவளுக்குத் தைரியம் இருக்காது.

"ஏங்க!" என்றாள். அவன் குனிந்து பார்த்தான். கன்னக்குழி தெரிந்தது. ஐயோ, சிரிக்கிறானே...

"நான் அந்தக் கடையில வேலை பாக்கல!"

"என்னங்க? கேக்கல!"

"நான் கடைக்காரி இல்ல!"

"மழை சத்தம்! இன்னும் கொஞ்சம் சத்தமா!"

பழக்கடைக்காரி நிறுப்பதை நிறுத்தினாள். பேருந்து நிழற்குடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான் ரத்தம் எடுக்கறவ! கேமராவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது! தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட பொய் சொன்னேன்! உங்க கையில ஒரு தப்பும் இல்ல!"

கூடை இறங்கத் தொடங்கியது. எவ்வளவு மெதுவாக இறங்குகிறது அது! அத்தனை நேரமும் அவள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சிரிப்பு பாதி உயரத்திலேயே போய்விட்டது.

"வீட்ல போய் நெனச்சு நெனச்சு சிரிச்சிருப்பீங்க," என்றான் இறங்கியதும்.

"சத்தியமா இல்ல."

"படியில அவ்வளவு நேரம் பேசினேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாம். நாலு நாளா ராத்திரியெல்லாம் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தேங்க."

"இன்னைக்குத்தான் கடைசி நாள். நானும் கடைக்கு வரேன், நான் சொல்லி..."

"வேணாம். நீங்க சொல்லிக் கேட்டது போதும்." அவன் மறுபடி கூடையில் ஏறிக்கொண்டான்.

அவள் கடைக்குப் போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைக்கு வெளிப்பக்கம். ஐந்து மணி. ஆறு. ஏழு. ஒருவேளை கோபத்தில் திருப்பித் தராமலே அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவானோ? ஆசையையும் சேர்த்து?

ஏழே காலுக்கு அவன் வந்தான், தோளில் பெரிய பையோடு. அவளைப் பார்த்தான், பார்க்காததுபோல மேசைக்குப் போனான்.

கடைக்காரர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீறல் விழுந்திருக்கே தம்பி. எடுத்துக்க முடியாது."

அவன் பையைத் தோளில் மாட்டப் போனான். அந்தத் தோள் குனிந்ததைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"சார், தப்பு என்னுது. போன வாரம் இந்த மேசைக்குப் பின்னால நின்னு இவருக்கு யோசனை சொன்னது நான்தான். உங்க ஆளுன்னு நெனச்சுக் கேட்டார். நான் இல்லைன்னு சொல்லல."

வரிசையில் நின்ற நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். காது மடல்வரை சுட்டது. ஆனாலும் அவள் தலையைக் குனியவில்லை.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "நானும் பக்கத்துலதானேம்மா நின்னேன்..." என்றார் கடைசியில். "எங்க ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? வியாபாரம் நடக்குதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். குடு தம்பி."

பை மேசைமேல் இறங்கியது. அவன் வெறுங்கையோடு நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள். "போன வாரமே கேட்டிருக்க வேண்டியது."

"கேளுங்க."

"எந்தக் கையால எடுப்பீங்க?"

"...இடது. வலது கம்பியில."

"எங்க வெச்சுக்குவீங்க?"

"சட்டைப் பையில."

"மழையில நனையுமா?"

"நனையாம எப்படிங்க?"

"கைதவறி விழுந்தா?"

"கீழ யாராவது மண்டைய உடைச்சுக்குவாங்க. கேட்டுட்டு நீங்க வந்து ரத்தம் எடுப்பீங்க," என்றான். உதட்டோரம் லேசாக அசைந்தது.

கடைக்காரர் ஒரு சின்னக் கேமராவை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு. தண்ணீர் புகாது. மணிக்கட்டில் மாட்டக் கயிறு. ஒரே பொத்தான், இடக் கட்டைவிரலுக்கு எட்டியது. அவன் வலக் கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடக் கையால் அவளைக் குறிபார்த்தான்.

"ஐயோ, என்னை வேணாம்! முகமெல்லாம்..."

"ஆடாதீங்க."

க்ளிக். திரையில் அவள்: சிவந்த காது, கலைந்த முடி, அழுதுவிடுவாள் போன்ற கண். ஆனால் துல்லியமாக இருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. வாசல் படியில் இருவரும் நின்றார்கள்.

"அன்னைக்கு எதுக்கு உண்மைய சொல்லல?" என்று கேட்டான்.

"என் பேச்ச ஒருத்தர் அவ்வளவு நம்பிக் கேட்டது அதுதான் முதல் தடவ. அப்புறம்... உங்களப் பிடிச்சுப்போச்சு. சொன்னா போயிருவீங்கன்னு பயம்."

"இன்னைக்கு ஏன் சொன்னீங்க?"

அவள் ஈரத் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அதே காரணம்தான். பிடிச்சுப்போச்சு."

அவன் சின்னக் கேமராவைச் சட்டைப் பையில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"ஒரு சிக்கல் இருக்குங்க."

"என்ன?"

"போன சனிக்கிழமையே எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன். கேமரா கடையில ஒரு பொண்ணப் பாத்தேன், கட்டினா அவளத்தான்னு. அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. கேமரா கடைப் பொண்ணு, கேமரா கடைப் பொண்ணுன்னு ஒரே பெருமை. இப்ப நான் போய் எப்படி..."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீங்க சொல்ல வேணாம்," என்றாள். "பொய் என்னுது. நானே வந்து சொல்றேன்."

நாளைய வேலை: காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதை, உட்காரச் சொல்வதற்கு முன்பே, நின்றபடியே அவர் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.