மேலே நின்ற சிவப்புப் புள்ளி

ஞாயிறு காலை 7.10.

லேத்துக்காரி இன்ஜினின் இழுவைக் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கயிறு அரை விரல் நீளம் வந்து அப்படியே நின்றது. அவள் இரண்டாம் முறை இழுக்கவில்லை. இன்ஜினைப் பற்றித் தெரியாதவர்கள்தான் இரண்டாம் முறை இழுப்பார்கள்.

அவள் முன்னால் பலகை மேல் நின்றது ரிமோட்டில் ஓடும் டிரக். முழங்கால் உயரம்கூட இல்லை. பொம்மை என்று சொல்லிவிட்டு அவளிடம் யாரும் தப்ப முடியாது. பேட்டரி வண்டி இல்லை அது. நைட்ரோ எரிபொருள் ஊற்றி ஓட்டுகிற, புகை விடுகிற, காது அடைக்கிற நிஜ இன்ஜின் உள்ளே இருந்தது. பழைய சின்ன இன்ஜினைக் கழற்றிவிட்டு, அதைவிட ஒன்றரை மடங்கு பெரியதை அவளே ஏற்றியிருந்தாள். அதற்கு மூன்று மாதம் ஆனது. புது இன்ஜினுக்குப் பழைய துளைகள் பொருந்தாததால், வேலை செய்யும் பட்டறையிலேயே ஷிஃப்ட் முடிந்து நின்று, இரண்டு அலுமினியத் தாங்கிகளைக் கடைந்து போட்டாள். பன்னிரண்டு வருடமாக லேத் ஓட்டுகிற கை. ஒரு தலைமுடி அளவுகூடப் பிசகவில்லை.

"அந்த வண்டியோட சட்டத்துல அந்த இன்ஜின் உட்காராது. உட்கார்ந்தாலும் ஒரே நாள்ல இறுகி நின்னுடும்" என்று ரிமோட் வண்டிக் கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார் மஞ்சள் தொப்பி. எப்போதும் அந்தத் தொப்பியோடு திரிவதால் அந்தப் பெயர். அவரும் பந்தயம் ஓட்டுபவர்; பந்தயத்துக்கு முன் வண்டிகளைச் சோதித்து அனுமதிப்பவரும் அவரேதான்.

இன்று பத்து மணிக்குச் சோதனை. பதினொன்றுக்குப் பந்தயம். இன்ஜின் இறுகி நிற்கிறது. இன்று அவள் போகாவிட்டால் அவர் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். அவள் கைவேலையின் மானமே போய்விடும்.

அவள் ஃபோனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

7.35.

நாத்தனார் காவல்துறையில் எஸ்.ஐ. இரண்டு தெரு தள்ளி வீடு. வாசல்படி ஏறும்போதே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவது அவள் வழக்கம். காய்கறி வாங்கப் போகிற நாலு சக்கரக் கூடை வண்டி வாசலில் நின்றது. தரை சமமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதன் சக்கரத்தடியில் ஒரு அரைச் செங்கல் இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன காணாமப் போச்சு அண்ணி?"

"ஒண்ணும் காணாமப் போகலை. இன்ஜின் இறுகிப் போச்சு."

"லீவு நாள்ல பல்லுகூட விளக்காம ஓடி வந்திருக்கேன். இதுக்கா?"

"முதல்ல கேளு. இந்த பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. சிலிண்டர் மேல போகப் போகக் குறுகும். ஓடும்போது சூட்டுல விரிஞ்சு இடம் குடுக்கும், ஆறினா சுருங்கும். பிஸ்டன் மேல நிக்கும்போது ஆறிச்சுன்னா அப்படியே கவ்விக்கும். அதனால ஓட்டி முடிச்ச உடனே ஃப்ளைவீலை, இன்ஜின் முனையில இருக்கற இந்தச் சக்கரத்தை, கையால சுத்தி பிஸ்டனைக் கீழ இறக்கிடுவோம். அடையாளத்துக்கு ஃப்ளைவீல்ல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சிருக்கேன். புள்ளி கீழ இருந்தா பிஸ்டனும் கீழ."

"நேத்து?"

"கீழ. மதியம் ஒண்ணரைக்கு நானே இறக்கினேன். ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போயிட்டேன். பத்தரைக்கு வந்து படுத்தவதான்."

எஸ்.ஐ. குனிந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி உச்சியில் இருந்தது.

"சூடு காட்டினா விடாதா?"

"விடும். ஆனா யாரோ வேணும்னே பண்ணி, உள்ள மணல் போட்டிருந்தா? ஒரே சுத்துல சிலிண்டர் கீறிப் போயிடும். பிரிச்சுப் பாத்து மறுபடி சேர்க்க மதியம் ஆயிடும். யார் பண்ணாங்கன்னு தெரியாம நான் இதைத் தொட முடியாது."

எஸ்.ஐ.யின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. இப்போது இது வழக்கு.

அவள் அறையை நிதானமாகப் பார்த்தாள். வீட்டை ஒட்டிய சின்ன வேலை அறை. சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். டிரக் வழக்கமாக ஒரு ஸ்டாண்டின் மேல், நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி உட்காரும். இன்று ஸ்டாண்ட் தனியாக ஓரத்தில் கிடந்தது. டிரக் தன் சக்கரங்களில் நின்றது. முன் சக்கரங்கள் சுவர்ப் பக்கம் ஒடித்து வைக்கப்பட்டிருந்தன. பின் சக்கரத்தை ஒட்டி ஒரு மரத்துண்டு. பலகை முழுக்க இப்படி எத்தனையோ துண்டுகள் கிடந்தன. புகைக் குழாயின் வாய் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. கீழே மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய்.

8.00. முதல் விசாரணை. லேத்துக்காரியின் கணவர், அதாவது எஸ்.ஐ.யின் சொந்த அண்ணன். சலூன் வைத்திருப்பவர்.

"நேத்து மதியம் வீட்டுக்கு வந்தியா?"

"ரெண்டரைக்குச் சாப்பிட வந்தேன். மூணுக்குக் கடைக்குப் போயிட்டேன்."

"அந்த ரூமுக்குள்ள போனியா?"

"அந்த வாசனை பட்டா எனக்கு இருபது தும்மல் வரும். தும்மிக்கிட்டே கத்தியைப் பிடிச்சா எவன் காது மிஞ்சும்?"

"நேத்து யார் காதாவது போச்சா?"

"போகலையே."

"சரி, போ."

8.10. லேத்துக்காரியின் அப்பா. ஹாலில் ஜன்னலோரம் அவர் நாற்காலி. கையில் செய்தித்தாள். ஏழு மணிக்கு விரித்த அதே பக்கம் இன்னும் திரும்பவில்லை.

"நேத்து யாராவது வந்தாங்களா மாமா?"

"மஞ்சத் தொப்பி வந்தான். வாங்கிட்டுப் போன ஸ்பேனரைத் திருப்பிக் குடுக்க. அஞ்சரை இருக்கும். உள்ள ஒரு மூணு நிமிஷம் நின்னான்."

"நீங்க?"

"நாலு மணிக்கு வழக்கம்போலக் காய் வாங்கப் போனேன். அஞ்சு மணிக்கு வந்துட்டேன்."

"அந்த வண்டியைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு கீறல் கிடையாது. என்கிட்டப் போய்ப் பொம்மையைப் பத்திக் கேக்கறியேம்மா."

வாசலில் நின்ற லேத்துக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதமாக இதே வார்த்தை. கிளப்பில் பத்துப் பேர் சொன்னதைத் துடைத்துப் போட்டவளால் இந்த ஒருவர் சொன்னதைத் துடைக்க முடியவில்லை. அவளுக்கு அது வலித்தது. வலித்ததை யாரிடமும் சொன்னதில்லை.

8.20. மஞ்சள் தொப்பி, ஸ்பீக்கர் ஃபோனில்.

"நேத்து அந்த டிரக்கைத் தொட்டீங்களா?"



"தொட்டேன் மேடம். பொய் சொல்ல மாட்டேன். தாங்கிகளைப் பாக்கணும்னு ஆசை. எங்க வாங்கினதுன்னு தெரியலை. இன்ஜின் மேல கை வெச்சேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. இப்பதான் ஓட்டியிருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"வெதுவெதுன்னா?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடின சூடு."

லேத்துக்காரி கொதித்தாள். "நான் நிறுத்தினது ஒண்ணரைக்கு. அஞ்சரைக்கு எப்படிச் சூடு இருக்கும்? அவர்தான் கதை விடறார்."

"விடலாம். பாப்போம்."

8.30.

அப்பா குளிக்கப் போன நேரம். எஸ்.ஐ. அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் நேராக வேலை அறையைப் பார்த்தபடி இருந்தது.

"அண்ணி, ஓட்டறப்ப முதல்லேருந்து கடைசி வரைக்கும் என்னென்ன செய்வீங்களோ, அத்தனையும் செஞ்சு காட்டுங்க. நிஜமா வேணாம், சும்மா சைகையில."

லேத்துக்காரி வேலை அறையில் நின்று காட்டினாள். எரிபொருள் ஊற்றுவது, பிளக்கைச் சூடேற்றுவது, கயிறு இழுப்பது, எரிபொருள் குழாயை நசுக்கி நிறுத்துவது, புகைக் குழாயைத் துடைப்பது. ஒவ்வொன்றும் சினிமா மாதிரி தெளிவாகத் தெரிந்தது. பிறகு அவள் திரும்பிக் குனிந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"இப்போ என்ன பண்ணீங்க?"

"ஃப்ளைவீலைச் சுத்திக் கீழ இறக்கினேன். ஏன்?"

எஸ்.ஐ. எழுந்து வாசலுக்குப் போனாள். கூடை வண்டியின் அடியில் கையை விட்டுத் தடவி, விரலை மோந்து பார்த்தாள். வெங்காய வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது.

8.50. ஹாலில் எல்லோரும் கூடினார்கள்.

"இதைப் பண்ணினது கெடுக்க வந்த ஆள் இல்லை" என்று ஆரம்பித்தாள் எஸ்.ஐ. "மஞ்சத் தொப்பிக்கு மூணு நிமிஷம்தான் கிடைச்சது. இன்ஜின் சூடா ஓடி, நின்னு, ஆறினாத்தான் இப்படிக் கவ்வும். தெருவே அதிரும்படி ஓட்டிட்டு, மூணு நிமிஷத்துல வெளிய வர முடியாது. அவர் வர்றதுக்கு முன்னாலேயே அது ஓடிட்டு வந்துடுச்சு. அண்ணனும் இல்லை, அவனுக்கு நேத்து ஒரு தும்மல்கூட வரலை."

"அப்ப யாரு?" என்றாள் லேத்துக்காரி.

"பலகை மேல பின் சக்கரத்தடியில ஒரு மரத்துண்டு இருக்கே, பாத்தீங்களா?"

"குப்பையோட குப்பையாக் கிடக்கும்."

"குப்பை சக்கரத்தை ஒட்டி, சரியான கோணத்துல நிக்காது அண்ணி. வண்டி உருண்டு கீழ விழுந்துடக் கூடாதேன்னு ஒருத்தர் முட்டுக் குடுத்திருக்கார். முன் சக்கரத்தையும் சுவர்ப் பக்கம் ஒடிச்சு வெச்சிருக்கார். கெடுக்க வந்தவன் முட்டுக் குடுப்பானா? விழட்டும்னு விட்டுட்டுப் போவான். நாலு கிலோ வண்டிக்குக்கூட இதைச் செய்யற கை, வருஷக்கணக்கா பெரிய வண்டியை நிறுத்திப் பழகின கை. அந்தக் கைதான் சமதரையில நிக்கற கூடை வண்டிக்கும் செங்கல் வைக்கும். அந்தக் கூடையோட அடியில நைட்ரோ எண்ணெய் வாசனை அடிக்குது."

 அப்பாவின் கையில் செய்தித்தாள் லேசாகச் சலசலத்தது.

"அவர் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சார். புகைக் குழாயைத் துடைக்கக்கூட மறக்கலை. ஏன்னா மூணு மாசமா இந்த நாற்காலியில உட்கார்ந்து கத்துக்கிட்டார். ஒண்ணே ஒண்ணை மட்டும் செய்யலை. அந்த வேலையை அண்ணி முதுகு மறைச்சிடுச்சு. பாக்காததை எப்படிச் செய்வார்? இல்லையா மாமா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். மடித்ததை இன்னும் ஒரு முறை மடித்தார்.

"ஆமா, நான்தான்."

"நீங்களா? பொம்மைன்னு சொன்னீங்களேப்பா!" என்றாள் லேத்துக்காரி. "எதுக்கு எடுத்தீங்க?"

"மைதானத்துல என்கூட உட்கார்ற நாலு பேரு இருக்கானுங்க. எல்லாம் பழைய டிரைவருங்க. ஒருத்தன் மகன் டாக்டர், இன்னொருத்தன் மகன் கப்பல்ல இருக்கான். தினம் அதே பேச்சு. என் பொண்ணு இன்ஜின் மாத்தினா, தாங்கியைக் கூடத் தானே கடைஞ்சு போட்டான்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பலை. நேத்து கூடையில வெச்சு எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டேன்." அவர் நிமிர்ந்தார். "என்னமா இழுத்துச்சு தெரியுமா? கப்பல்காரன் அப்பன் வாயே திறக்கலை."

"காலையில இறுகி நின்னப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு வண்டியையும் கெடுத்ததில்லை. முதல் தடவையா கெடுத்தது உன் வண்டியை. எப்படிம்மா சொல்லுவேன்?"

லேத்துக்காரி அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து வந்தது.

"கெடலைப்பா. உள்ள மணல் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. பத்து நிமிஷச் சூடு போதும்." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, முடி காய வைக்கிற மெஷினைக் கொண்டு வாங்க. தும்மலைக் கொஞ்சம் அடக்கிக்குங்க."

9.05. சலூன் மெஷினின் அனல் காற்று இன்ஜினின் தலையில் பட்டது. சலூன்காரர் பதினேழு தும்மல் தும்மினார். எஸ்.ஐ. எண்ணினாள். ஒன்பதே காலுக்கு லேத்துக்காரி ஃப்ளைவீலை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்பினாள். ஒரு சின்ன 'டக்'. விட்டது. ஒன்பது இருபதுக்குக் கயிறு இழுத்தாள், ஒரே இழுப்பு. வீடு அதிர்ந்தது.

10.00. மைதானம். மஞ்சள் தொப்பி டிரக்கைத் தூக்கிப் பார்த்தார். தாங்கிகளை விரலால் தட்டினார். சட்டத்தை அசைத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"இதை எங்க வாங்கினீங்க?"

லேத்துக்காரி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு காலத்தில் கடைசி சீட் வரைக்கும் கேட்ட டிரைவர் குரல்.

"வாங்கலை சார். என் பொண்ணு கடைஞ்சது."

மைதானம் திரும்பிப் பார்த்தது. அவர் பக்கத்தில் பழைய டிரைவர்கள் நாலு பேரும், தாங்களே கடைந்து கொடுத்ததுபோல, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் தொப்பி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அனுமதிச் சீட்டை டிரக்கில் ஒட்டினார்.

பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தது மஞ்சள் தொப்பிதான். ஆனால் இருபது நிமிடத்தில் அவர் இன்ஜின் இரண்டு முறை திக்கியது, அவளுடையது ஒரு முறைகூடத் திக்கவில்லை. பரிசு கொடுக்கும்போது அதை மைக்கில் சொன்னவரும் அவரேதான்.

11.25. பரிசளிப்பு இன்னும் தொடங்கவில்லை. இன்ஜின் சுட்டுக்கொண்டிருந்தது. லேத்துக்காரி டிரக்கை மைதானத்து மேசை மேல் வைத்தாள். ஃப்ளைவீல் பக்கம் கையைக் கொண்டுபோனவள், ஒரு அடி நகர்ந்து பக்கவாட்டில் நின்றுகொண்டாள். அப்பாவுக்கு எதுவும் மறைக்கவில்லை.

"அப்பா, இங்க பாருங்க."

சிவப்புப் புள்ளி மெல்லச் சுற்றிக் கீழே போய் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"இவ்வளவுதான்."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த மரத்துண்டை எடுத்துப் பின் சக்கரத்தடியில் வைத்தார். அவள் ஸ்டாண்டை எடுக்கவே இல்லை.