கடல்காரியின் சம்மதம்

ஹெப்சிபா வேலையில் சேர்வதற்கு முன்பே வேலைக்குப் போய் மூன்று வாரமாகியிருந்தது. தூத்துக்குடியில் பழைய நிறுவனத்தின் நோட்டீஸ் காலத்தை அவள் கொட்டாவி விட்டபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முன்னுருவோ இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில், எட்டுக் கால் ஆழூர்தி ஒன்றுக்குள் இருந்துகொண்டு, சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

இப்படி ஓர் ஏற்பாடு வந்ததற்கு நம்மவர்களைத்தான் குறை சொல்லவேண்டும். ஓரிடத்தில் வருகிறேன் என்று தலையாட்டுவது, அந்தத் தலையாட்டலைக் காட்டியே இன்னோரிடத்தில் பேரம் பேசுவது, அங்கேயும் தலையாட்டிவிட்டு மூன்றாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. சேரவேண்டிய நாளில் ஃபோன் அணைந்திருக்கும். நிறுவனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தன. மனதைப் படியெடுக்கும் கருவி சந்தைக்கு வந்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டன. வேலையை ஒப்புக்கொண்ட கையோடு ஆளின் மனம் படியெடுக்கப்படும், அந்தப் படி அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும். அதற்குத்தான் முன்னுரு என்று பெயர். மூன்று மாதம் கழித்து ஆள் வந்து சேரும்போது முன்னுருவின் நினைவுகளை ஆளுக்குள் கலந்துவிடுவார்கள். அதன்பின் முன்னுரு என்று தனியாக ஒன்று இருக்காது.

பின்வாங்கவும் வழி வைத்திருந்தார்கள். முன்னுருவும் அதே ஆள்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், ஒப்புக்கொண்ட இருவரும் சேர்ந்துதான் மறுக்கமுடியும். ஆள் நேரில் வந்து முன்னுருவிடம் கேட்கவேண்டும். அது சரி என்று சொன்னால் அங்கேயே கலப்பு நடந்து விஷயம் முடிந்துவிடும்.

ஹெப்சிபா அதற்காகத்தான் அன்று துறைமுகச் சாலையிலிருந்த ஆழ்கடல் நிறுவனத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு நிலாவிலிருந்து அழைப்பு வந்திருந்தது. நிலாவின் மறுபுறத்தில், பூமியின் இரைச்சல் எட்டாத பள்ளத்தில், முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொண்ட காலத்துச் சலசலப்பைக் கேட்கும் வானாய்வகத்தில் ஓர் இடம். நாகர்கோவிலில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு நிலாவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அப்பாவைத் துளைத்தெடுத்த காலத்திலிருந்தே அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். கடல் வேலையை, நிலா கிடைக்காது என்று நினைத்து ஒப்புக்கொண்டிருந்தாள். நிலாக்காரர்கள் முந்தின நாளே அவள் மனதைப் படியெடுத்துத் தயாராக வைத்துவிட்டார்கள். கடலிலிருந்து விடுபட்ட செய்தி கிடைத்த நொடியில் அந்தப் படியை மேலே எழுப்புவார்கள். அன்று மாலைக்குள் விடுபடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

எச்.ஆர். அதிகாரி சாகுல், இதை எத்தனையோ முறை செய்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, உணர்முடியை அவள் தலையில் மாட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இதுவரை எந்த முன்னுருவும் மாட்டேன் என்று சொன்னதில்லையாம்.

"உங்க மனசுதானேம்மா அது. உங்களுக்குப் பிடிச்சதுதான் அதுக்கும் பிடிக்கும்."

எதிரேயிருந்த திரையில் முகம் எதுவும் இல்லை. ஆனால் குரல் அவளுடையதேதான்.

"என்னட்டி, புதுச் சட்டையா?"

ஹெப்சிபா வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. நிலாவிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் எப்படியோ சொல்லிமுடித்தாள். அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதியாக இருந்தது. பிறகு, நெசமாவா, மறுபுறமா, அப்பாட்ட சொல்லியாச்சா என்று கேள்விகள் வந்து விழுந்தன. அவள் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்விகள், அதே வரிசையில். ஹெப்சிபாவுக்கு மனம் லேசானது.

கீழே எப்படி இருக்கிறது என்று மரியாதைக்காகக் கேட்டுவைத்தாள்.

"என்னத்தச் சொல்ல. இருட்டும் சேறும். நாள் பூரா கல்லு பொறுக்குற வேலை."

"அப்ப உனக்குச் சம்மதந்தானட்டி?"

"இதென்ன கேள்வி. எனக்கும் நிலாதான பிடிக்கும்."

சாகுல் தலையசைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

முதலில் வந்தது பாரம். மூன்று மைல் உயரத் தண்ணீரின் பாரம் அவள் தோலெங்கும் படிந்தது, ஆனால் வலிக்கவில்லை. அடுத்து இருட்டு. இருட்டு என்றால் எதுவுமில்லாதது என்று அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அந்த இருட்டுக்குள் மேலிருந்து வெள்ளைத் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. கடலின் மேற்பரப்பில் செத்த எல்லா உயிர்களின் பொடியும் வாரக்கணக்கில் மிதந்து இறங்கி, அவள் எட்டுக் கால்களின் மேலும் மெத்தென்று படிந்தது. நூறு மைலுக்கு அப்பால் ஒரு திமிங்கிலம் கூப்பிட்டது. ஆழூர்தியின் உடம்பு முழுக்கக் காதாக இருந்ததால், அந்தக் கூப்பாடு அவளுக்குள்ளேயே எழுந்து அடங்குவதுபோல் இருந்தது.

இவை எல்லாமே அந்த ஓர் உயிருக்கு முன்னால் ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரத்தில் முன்னுரு சும்மா ஒரு நிமிடம் விளக்கை அணைத்துப் பார்த்தது. அணைத்ததும், எதிரே ஒரு தெரு நீளத்துக்கு நீலமாக ஒளி ஓடியது. கண்ணாடி நூல்போல் ஓர் உயிர். அதன் தலை ஓரிடத்தில் இருக்க வால் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் விளக்கை மூன்று முறை சிமிட்டினாள். அதுவும் மூன்று முறை சிமிட்டியது. அவள் மூன்றும் இரண்டும் சிமிட்டினாள். அது சற்றுத் தயங்கி, ஐந்து முறை சிமிட்டியது.

மனிதர்கள் யாரும் இதுவரை கண்டிராத ஒன்றைக் கண்டுவிட்டோம் என்ற நினைப்பில் அவளுக்கு உலகமே புதிதாகிவிட்டது. பக்கத்தில் யாராவது இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இன்னும் யாரிடமும் சொல்லவேண்டாம், நன்றாக உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று வைத்திருந்தாள். தினமும் அது வந்தது. இன்றைக்கும் வந்திருந்தது. அதன் ஒளிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோதுதான் மேலிருந்து அழைப்பு வந்தது.

இப்போது அந்த அழைப்பு ஹெப்சிபாவுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஞாபகம் இருந்தது. கேட்டது அவள், கேட்கப்பட்டதும் அவள். புதுச் சட்டையையும் மினுங்குகிற கண்களையும் கீழிருந்து பார்த்தவுடனே, இவள் போவதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கண்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதனால் நிலாவைப் பற்றிக் கேட்டாள், கல் பொறுக்குகிறேன் என்றாள், தனக்கும் நிலாதான் பிடிக்கும் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, கீழே அந்த நீல உயிர் அவள் விளக்குக்காகக் காத்திருந்தது.

ஹெப்சிபா உணர்முடியைக் கழற்றிவிட்டு அழுதாள். இரண்டு பேருக்காகவும் அழுதாள். சாகுல் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கலப்பு முடிந்து யாரும் அழுது அவர் பார்த்ததில்லை. பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

கடல் வேலையில் திரும்பச் சேரமுடியுமா என்று அவள் கேட்டாள். சாகுல் இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடியும் என்றார். சாயங்காலம் வரை இடம் காலியாகத்தான் இருக்கும்.

"ஆனா நிலாவுல உங்க முன்னுரு இந்நேரம் எழுந்திருக்குமேம்மா. அது சம்மதிக்கணும். கேட்டா சரின்னுதான் சொல்லும், கவலைப்படாதீங்க."

கவலையே அதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் ஃபோன் அடித்தது. மேலிருந்துதான்.

"ஹெப்சி, கேக்குதா? பூமியே தெரியலட்டி. வானம் அப்படியே கறுப்பா கெடக்கு, அதுல எத்தன நட்சத்திரம். ஆன்டெனாத் தட்டுல இப்பத்தான் காத வச்சேன். முதல்ல ஒண்ணுமே இல்ல. பொறவு மெல்ல, எங்கயோ, ஒரு சத்தம். மழை பெய்யத் தொடங்குற மாதிரி. அம்புட்டுப் பழைய சத்தம். எனக்குக் கையெல்லாம் நடுங்குது, கையே இல்ல, ஆனா நடுங்குது."

ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடலடியில் தனக்கு வந்த அதே நடுக்கம். அந்தக் குரலிடம் இறங்கி வா என்று சொன்னால் அது உடனே வரும். எனக்கும் கடல்தானே பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வரும். பிறகு அந்த மழைச் சத்தமும், அதை விட்டுவிட்டு வந்த வலியும் இவளுக்குள் வந்து சேரும். இதற்கு முடிவே இருக்காது.

"கடல்காரி என்ன சொன்னா?" என்றது குரல். "ஒத்துக்கிட்டாளா?"

"ம். அவளுக்கும் நிலாதான் பிடிக்குமாம்."

"அங்க அடியில எப்படி இருந்துச்சாம்?"

சாகுல் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார். ஹெப்சிபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருட்டும் சேறும்தான்" என்றாள்.

மேலே சற்று நேரம் பேச்சில்லை. குரல் நிலாவின் மறுபுறம் போய்த் திரும்பவேண்டிய நேரத்தைவிட அந்த மௌனம் கொஞ்சம் அதிகமாக இருந்ததா என்று அவளால் சொல்லமுடியவில்லை. பிறகு அது வேறு பேச்சுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துக் கலக்கும் நாளில், மேலே இருப்பவள் இந்தப் பொய்யை நம்பினாளா இல்லையா என்பதும் ஹெப்சிபாவுக்குத் தெரிந்துவிடும்.